ஒன்றரை லட்சம் கட்டி ஆராய்ச்சி கற்றுக்கொள்ளலாமா?

வாசகர் கேள்வி:

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன், கணிதம்-உயிரியல் பிரிவு. ஊர் தூத்துக்குடிப் பக்கம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசை. இப்போதே ஏதாவது ஆராய்ச்சி செய்து பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் மேக்ஸ் 30102 நாடித் துடிப்பு சென்சாரை இணைத்துப் பார்த்தேன். திரையில் கோடு ஆடிக்கொண்டே இருக்கிறது. போன வாரம் பாட்டி இடது கைக்கு மட்டும் மருதாணி வைத்திருந்தார். கழுவிவிட்டு வந்ததும், கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் விரல் கிளிப்) மாட்டினேன். இடது கையில் 91, வலது கையில் 97. இதை ஆராய்ச்சியாகச் செய்யலாமா? வழிகாட்டக் கேட்டுப் பதினோரு பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு ஆன்லைன் நிறுவனம், ஒன்றரை லட்சம் கட்டினால் வெளிநாட்டு வழிகாட்டி தந்து மூன்று மாதத்தில் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டுத் தருவதாகச் சொல்கிறது. கடன் வாங்கியாவது கட்டுகிறேன் என்கிறார் அப்பா. மார்க் குறைந்துவிடுமோ என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

என் மகளுக்கும் ஏறக்குறைய உன் வயதுதான், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடலாம். கட்ட வேண்டாம். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. மூன்று மாதத்தில் கட்டுரை வெளியாகும் என்று முன்கூட்டியே ஒருவர் உறுதி கொடுக்கிறார் என்றால், முடிவு என்ன வரும் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தம். உண்மையான ஆய்வில் மூன்றாவது மாதம் ‘சென்சாரைத் தப்பாக மாட்டியிருக்கிறோம்’ என்று தெரியவரும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் இதழ்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் உன் பெயர் வந்தால், நாளைக்கு விவரம் தெரிந்தவர் பார்க்கும்போது அது உனக்குப் பாதகமாகத்தான் முடியும். நல்ல ஆய்வுப் பயிற்சிக்குப் பள்ளிப் பிள்ளைகள் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதும் கிடையாது. அமெரிக்காவில் 1984-இல் தொடங்கி, இப்போது எம்.ஐ.டி. வளாகத்தில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்குத் தேர்வாகும் மாணவர்களிடம் பயிற்சிக் கட்டணம் வாங்குவதில்லை.

சரி, இப்போது மருதாணிக்கு வருவோம். உன் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே பிடித்த இடம் அதுதான். பதினோரு பேருக்கு நீ அனுப்பிய மெயிலின் நகலை இணைத்திருக்கிறாய். அதில் மருத்துவத் தொழில்நுட்பத்தின் எதிர்காலம், செயற்கை நுண்ணறிவு, சிறு வயதுக் கனவு எல்லாம் இருக்கிறது. பாட்டியின் கை மட்டும் இல்லை! உன்னிடம் இருக்கிற ஒரே ஆராய்ச்சிக் கேள்வி அது, அதை விட்டுவிட்டாயே.

அந்த 91-ஐ மருதாணியின் கணக்கில் எழுதுவதற்கு முன்னால் உன் கடிதத்தையே இன்னொரு தடவை படி. ‘கழுவிவிட்டு வந்ததும்’ மாட்டினேன் என்கிறாய். மருதாணி குளிர்ச்சி. ராத்திரி முழுக்க ஈரமாக இருந்த கை, அப்புறம் தண்ணீரில் கழுவிய கை. அந்தக் கை சில்லென்று இருந்திருக்கும். கை சில்லிட்டால் விரல் நுனியில் ரத்த நாளங்கள் சுருங்கிக்கொள்ளும், நாடி மங்கிவிடும். நாடி மங்கினால் ஆக்சிமீட்டர் தடுமாறும். ஆக, 91-க்குக் காரணம் நிறமா, குளிரா என்று பிரித்துச் சொல்ல உன்னிடம் இப்போதைக்கு வழியில்லை.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவில் இரவு டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். ஐ.சி.யு.விலிருந்து போன்: மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 84 காட்டுகிறது, நோயாளி நன்றாகத்தான் இருக்கிறார், சென்சார் போயிருக்கும், வாருங்கள். புது சென்சாரை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாற்றினேன். அப்போதும் 84. கேபிளை மாற்றினேன். அதே 84. மானிட்டரையே மாற்றிவிடலாம் என்று கிளம்பியபோது, அங்கிருந்த மூத்த நர்ஸ் ஒருவர் எதுவும் பேசாமல் நோயாளியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் இருக்கும். திரையில் தட்டையாகக் கிடந்த நாடி அலை மெல்ல எழுந்தது. எண் 96-க்கு வந்து நின்றது. “கையைத் தொட்டுப் பார்த்தீங்களா தம்பி?” என்று கேட்டார். நான் எண்ணைத்தான் பார்த்திருந்தேன். கையைத் தொடவில்லை, அலையைக்கூடப் பார்க்கவில்லை.

என் முதல் வழிகாட்டி என்று நான் சொல்வது அந்த நர்ஸைத்தான். நாம் பார்க்கத் தவறியதைப் பார்க்கிறவர்தான் வழிகாட்டி. அவர் அதைப் பார்க்க வேண்டுமானால், நாம் முதலில் எதையாவது அளந்து வைத்திருக்க வேண்டும். நீ அளந்திருக்கிறாய். அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் திரையில் கோடு ஆடுகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறாய். இந்தக் கருவி பிறந்த கதையே அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது. ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் டக்குவோ அவோயகி என்ற பொறியாளர் 1970களின் தொடக்கத்தில் வேறு ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதை, ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடல் வழியாக ஒளியைப் பாய்ச்சி அளக்க முயன்றார். ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் கோடு மேலும் கீழும் ஆடி அவருடைய அளவைக் கெடுத்தது. இரண்டு அலைநீளங்களில் அளந்து அந்த ஆட்டத்தை ரத்து செய்யப் பார்த்தார். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் மாறும்போதெல்லாம் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது: ஒத்துவராமல் போகிற அந்த அளவே ஆக்சிஜனைச் சொல்லுமே! 1974-இல் அந்த யோசனையை வெளியிட்டார். இன்று உன் வீட்டு அலமாரியில் இருக்கும் கிளிப் அதன் வாரிசு.

உன் சென்சாரும் அதையேதான் செய்கிறது. ஒரு சிவப்பு எல்.ஈ.டி., 660 நானோமீட்டர். ஒரு அகச்சிவப்பு எல்.ஈ.டி., 880 நானோமீட்டர். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். தோல், எலும்பு, நகம் எல்லாம் எப்போதும் ஒரே மாதிரி உறிஞ்சும். தமனி ரத்தம் மட்டும் துடிப்புக்குத் துடிப்பு கூடிக் குறையும். திரும்பி வரும் ஒளியில் அந்தத் துடிக்கும் பங்கு நூறில் ஒன்றிரண்டுதான். விரலை அழுத்திப் பிடித்தாலோ, கை நடுங்கினாலோ அந்தச் சின்னப் பங்கு மூழ்கிவிடும். கோடு ஆடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விரலால் சென்சாரை அழுத்தாதே. கையை மேஜைமேல் தளர்வாக வை, ஒரு துணிப்பட்டையை லேசாகச் சுற்று, மேலே கறுப்புத் துணி போட்டு ட்யூப் லைட் வெளிச்சத்தை மறை. அதற்கப்புறம் எனக்கு ஒரு நிமிடக் கோட்டை அனுப்பு.

மருதாணி நிறம் ஆக்சிமீட்டரைக் குழப்புமா என்பது பள்ளிக்கூடப் பிள்ளையின் விளையாட்டுக் கேள்வி என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளில், தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளை இனத்தவரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கருவி ‘பரவாயில்லை’ என்று சொன்ன நேரத்தில் அவர்களுக்கு ஆக்சிஜன் குறைவாக இருந்தது. தோலின் நிறத்துக்கும் இந்த எண்ணுக்கும் உறவு இருக்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மருதாணி நம் ஊரில் கல்யாண வீட்டிலிருந்து நேராக ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போகிற நிறம். இதை முன்பே சிலர் ஆராய்ந்திருக்கிறார்கள், தேடிப் படி. முன்பே செய்ததை நீ உன் கையால் திரும்பச் செய்து பார்ப்பதும் ஆராய்ச்சிதான்.

எப்படிச் செய்வது? ‘ஆக்சிமீட்டர் சரியா தப்பா’ என்ற கேள்வியை நீ எடுக்க முடியாது. அதற்குத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும், உன்னால் அது ஆகாது, ஆகவும் கூடாது. கேள்வியைச் சுருக்கு: ஒரே ஆள், ஒரே கை, ஒரே நேரம், மருதாணி வைத்த விரலுக்கும் வைக்காத விரலுக்கும் வித்தியாசம் வருகிறதா? அதாவது, அடுத்த முறை யாராவது மருதாணி வைக்கும்போது மோதிர விரலை மட்டும் வெறுமையாக விடச் சொல். அப்போது குளிரும் ஈரமும் எல்லா விரலுக்கும் பொது. நிறம் மட்டும் வேறு. மருதாணி வைப்பதற்கு முன்னால் அதே விரல்களை அளந்துவிட வேண்டும். இது ரொம்ப முக்கியம். மருதாணியே இல்லாமல்கூட இரண்டு விரலுக்கு நடுவே ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசம் வருவது சகஜம். அதைத் தெரிந்துகொள்ளாமல் பின்னால் வரும் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. கழுவிய பிறகு கை வெதுவெதுப்பாக ஆகும்வரை அரை மணி நேரமாவது பொறு. ஒரு விரலுக்கு ஒரு நிமிடம், மூன்று முறை. விரல் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய். மறுநாள், ஒரு வாரம் கழித்து, நிறம் மங்கியபின் என்று திரும்பத் திரும்ப அளந்து பார். உன் சென்சாரில் ஆக்சிஜன் எண்ணை மட்டும் குறிக்காதே. அந்த எண் யாரோ எழுதிவைத்த சூத்திரத்திலிருந்து வருகிறது. சிவப்பு, அகச்சிவப்பு இரண்டின் மூல மதிப்புகளைத் தனித்தனியாகச் சேமி. மருதாணி ஏன் சிவந்து தெரிகிறது, எந்த ஒளியை அது விழுங்குகிறது, எதைத் திருப்பி அனுப்புகிறது என்று யோசித்து, என்ன வரும் என்று அளப்பதற்கு முன்பே நோட்டில் எழுதி வை. அப்புறம் அளந்து, ஒப்பிட்டுப் பார்.

நோட்டு என்றால் தைத்த நோட்டு, பக்க எண்ணோடு. பேனாவில் எழுது. தப்பானதை அடித்துவிடு, கிழிக்காதே. ‘இந்த அளவு கெட்டுப்போச்சு’ என்று நீ தள்ளிவிடுகிற வரிதான் பெரும்பாலும் வழிகாட்டிக்குத் தேவைப்படும் வரி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் நம் நாட்டுச் செயற்கை இதய வால்வைச் செய்தார்களே, முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. பல வருட உழைப்பு. அந்தத் தோல்விகளை ஒன்றுவிடாமல் பதிந்து வைத்துப் படித்ததால் நான்காவது மாதிரி நின்றது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இப்போது பாதுகாப்பு. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆக்சிஜன் குறையட்டும் என்று யாரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்லாதே, நீயும் பிடிக்காதே. ஊசி, ரத்தம் எதுவும் வேண்டாம். விரல் சென்சாரில் இருக்கும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை பேட்டரியில் மட்டும் ஓட்டு. ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கும் பொடியைத் தொடாதே; அதில் கலக்கும் முடிச்சாயம் தோலைப் புண்ணாக்கிவிடும். யாரிடமும் “உங்களுக்கு ஆக்சிஜன் கம்மி” என்று சொல்லாதே. உன் பாட்டிக்கு, கை வெதுவெதுப்பாக இருக்கும்போதும் எண் குறைவாகவே வந்தாலோ, மாடி ஏறினால் மூச்சு வாங்கினாலோ, ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போ.

மனிதர்களை அளக்கிறாய் என்பதால் அனுமதி தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை ஆய்வில் சேர்த்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும், பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும். இந்தியாவிலிருந்தும் மாணவர்கள் போகிற ஐசெஃப் சர்வதேச அறிவியல் கண்காட்சியிலும், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுத் திட்டத்தை ஒரு குழு பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் அளக்கவே தொடங்கலாம். அதனால் தோழிகளை வரிசையில் உட்கார வைப்பதற்கு முன்னால் ஒரு கல்லூரியின் நெறிமுறைக் குழுவைப் போய்ச் சேர வேண்டும். அதற்காகவும்தான் உனக்கு வழிகாட்டி வேண்டும். அதுவரை, உன் கையிலேயே அளந்து முறையைப் பழகிக்கொள்.

யாரிடம் கேட்பது? நீ எழுதிய பதினோரு பேரும் பெரிய நிறுவனங்களின் துறைத் தலைவர்கள். அவர்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மெயில் வரும் என்று நினைக்கிறாய்? பதில் வராததை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதே. பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் பார். பயோமெடிக்கல் துறை இருக்கும் பொறியியல் கல்லூரி, இல்லாவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் துறை. அரசு மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறையை ஏனோ யாரும் நினைப்பதே இல்லை. நாடி அளப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. உதவிப் பேராசிரியர்களுக்கும் பிஎச்.டி. மாணவர்களுக்கும் எழுது. உன் இயற்பியல் ஆசிரியரையும் கூட்டிக்கொள், பள்ளியிலிருந்து ஒரு பெரியவர் பெயர் இருந்தால் அவர்களுக்கும் தயக்கம் குறையும்.

மெயில் இவ்வளவு போதும்:

“வணக்கம் மேடம். நான் பிளஸ் ஒன் மாணவி. மருதாணி வைத்த விரலில் ஆக்சிமீட்டர் அளவு மாறுகிறதா என்று பார்க்க முயல்கிறேன். முதலில் பாட்டியின் இடது கையில் 91, வலது கையில் 97 வந்தது. ஆனால் கை குளிர்ந்திருந்தபோது அளந்துவிட்டேன். அதன்பின் என் கையில் பத்து நாள் அளந்த விவரமும் ஒரு வரைபடமும் இணைத்திருக்கிறேன். சிவப்பு ஒளியின் மதிப்பு நாளுக்கு நாள் மாறுகிறது, ஏன் என்று புரியவில்லை. என் ஆசிரியரோடு வந்து இருபது நிமிடம் உங்களிடம் இதைக் காட்டலாமா?”

இதில் ‘வழிகாட்டியாக இருங்கள்’ என்ற வார்த்தையே இல்லை, கவனித்தாயா? ஒரு சந்தேகம், ஒரு வரைபடம், இருபது நிமிடம். முகம் தெரியாத பிள்ளைக்கு ஒரு வருடத்தைத் தருவதாக வாக்குக் கொடுக்க யாரும் யோசிப்பார்கள். இருபது நிமிடம் கொடுப்பார்கள். போகும்போது நோட்டையும் எடுத்துப் போ.

பதினோரு மெயில் குறைவு. அமெரிக்காவில் ஜாக் ஆண்ட்ரகா என்ற பையன் கணையப் புற்றுநோயைக் கண்டறியும் காகிதப் பட்டைக்காக 2012-இல் ஐசெஃப் முதல் பரிசு வாங்கினான். சுமார் இருநூறு பேருக்கு எழுதியதில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒருவர்தான் ஆய்வகத்தில் இடம் கொடுத்தார் என்று அவனே சொல்லியிருக்கிறான். அந்த விடாமுயற்சியை எடுத்துக்கொள். அதே கதையின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்: தன் பட்டை எத்தனை மடங்கு வேகம், எத்தனை மடங்கு மலிவு என்று அவன் சொன்ன எண்களைத் துறை சார்ந்த விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. பதினைந்து வயதில் அவன் செய்தது நல்ல வேலை. அதன்மேல் பெரியவர்கள் ஏற்றிவைத்த சுமைதான் அதிகம். உன் நோட்டில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசும்படி யார் கேட்டாலும், பள்ளி விழா மேடையிலேகூட, பேசாதே.

கடைசியாக அப்பாவுக்கு. ஐயா, நம் பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் என்பது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆராய்ச்சிக்கு அதில் ஒரு மார்க்கும் கிடையாது, அதை மறைக்க மாட்டேன். பயோமெடிக்கல் படிக்க அவளுக்கு அந்த 200-தான் கதவைத் திறக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் என்று வைத்துக்கொள்ளட்டும். தேர்வு நெருங்கினால் நோட்டை மூடி வைக்கட்டும், மருதாணி எங்கும் ஓடிப்போகாது. இப்படி அளந்து பழகிய பிள்ளைக்கு ஒளியியல் பாடம் மனப்பாடமாக இருக்காது என்பதை மட்டும் என் வகுப்பறையில் கண்டதை வைத்துச் சொல்கிறேன். கடன் வாங்காதீர்கள். அவள் கேட்டால் ஒரு தைத்த நோட்டும், கல்லூரி போய்வர பஸ் காசும் கொடுங்கள். முதல் நாள் நீங்களும் கூடவே போங்கள்.

உனக்கு: மருதாணி வைக்கும் முன் பத்து நாள் உன் இடது கை விரல்கள் ஐந்தையும் அளந்து எழுது. பதினோராம் நாள், மோதிர விரலை விட்டுவிட்டு, பாட்டியை வைத்துவிடச் சொல்.